நனையாத பெட்டி

2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த இரவு. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்த சான்றிதழ்கூட ஈரம் பட்டால் மை கரைந்து, தாளோடு தாள் ஒட்டிக்கொள்ளும்.

இதற்கு நல்ல வழி, மத்திய அரசு 2015இல் தொடங்கிய டிஜிலாக்கர் செயலி. கட்டணம் இல்லை. ஆதாரில் பதிந்த கைபேசி எண் போதும். ஓட்டுநர் உரிமம், வண்டியின் ஆர்.சி. போன்றவற்றை அந்தந்தத் துறையிலிருந்தே இதில் எடுத்து வைக்கலாம். அப்படி எடுத்தது சட்டப்படி அசலுக்குச் சமம். நாமே போட்டோ பிடித்து ஏற்றியதற்கு அந்த மதிப்பு கிடையாது.

போன் வெள்ளத்தில் போனாலும், புதுப் போனில் அதே எண்ணைக் கொண்டு நுழைந்தால் எல்லாம் அப்படியே இருக்கும். ஓ.டி.பி.யையும் பின் எண்ணையும் மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். பிரவுசிங் சென்டரில் திறந்தால், லாக் அவுட் செய்துவிட்டே எழுந்திருங்கள்.

ஐப்பசி மழை வருமுன், வருகிற ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கும் செய்து கொடுங்கள்.