திக்கிப் பேசும் இளைஞரை ஆளாக்குதல்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியனாகிய எம்மை அழைத்தோர் காவிய நயம் கேட்கலாமென்று எண்ணியிருப்பர், பொறுத்தருள்க. நம் இல்லங்கள் சிலவற்றில் விருந்தினர் வருங்கால் உள்ளறைக்கு அனுப்பப்படும் பிள்ளைகளைப் பற்றியே இன்று பேசத் துணிந்தோம். நாத் திக்குதலும் எழுத்துக் கூடாமையும் ஒருங்கே உடைய பதினாறு, பதினேழு வயதினரை எங்ஙனம் ஆளாக்குவது?

திக்குதல் அச்சத்தால் பிறப்பதன்று. அச்சம் அதனை மிகுவிக்கும், அவ்வளவே. பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து வயதிற்குள் தோன்றிப் பலரிடம் தானே நீங்குகின்றது. வளர்ந்தோருள் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவரிடம் நிலைபெறுகின்றது. ஆண்களிடமே மிகுதி. சில குடும்பங்களில் இது மரபணு வழியே வருதலை 2010ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி காட்டிற்று. ஆதலின் தாயைப் பழித்தலும் நாவில் வசம்பு தேய்த்தலும் ஒழிக. பேச்சுப் பயிற்சி அளிப்போர் உளர். மைசூரில் 1965இல் நிறுவப்பெற்ற அகில இந்தியப் பேச்சு, செவிப்புல நிறுவனம் இதற்கென்றே உள்ளது. பயிற்சியால் திக்குதல் முற்றும் நீங்காவிடினும், பேசுதல் எளிதாதல் கூடும்.

கற்றல் குறைபாடோ அறிவின்மை அன்று. நம் எழுத்தையே நோக்குக. 'கொ' என்புழி, ககரத்தின்பின் ஒலிக்கும் உயிரின் குறி பாதி முன்னும் பாதி பின்னுமாக நிற்கின்றது. நமக்கு இது பழகிப்போயிற்று. அப்பிள்ளைக்கோ நாள்தோறும் புதிது. லகர ளகர ழகரத்திற்காக யாம் கொடுத்த அடிகளை நினைக்க இப்பொழுது நாணுகின்றோம்.

நிற்க. எம்மிடம் பயின்ற மாணவன் ஒருவன், வகுப்பாரோடு சேர்ந்து செய்யுள் சொல்லுங்கால் ஒரு சீரும் திக்கான். தனித்து நின்றாலோ முதலெழுத்திலேயே நிற்பான். அவன் படும் துன்பம் பொறாது, தொடங்கிய சொல்லை யாமே முடித்துவிடுவோம். அதனை இரக்கமென்று எண்ணியிருந்தோம். பத்தாம் வகுப்பில் ஒருநாள் மாலை வந்து, "ஐயா, வி... வி..." என்றான். "விடுப்புத்தானே? எடுத்துக்கொள்" என்று அனுப்பிவிட்டோம். அவன் கேட்க வந்தது விண்ணப்பம். கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுவோர் துணையும் வேண்டும் தேர்வுச் சலுகை விண்ணப்பத்திற்கு அன்றே இறுதிநாள். சலுகையின்றி எழுதி இரண்டு பாடங்களில் தவறினான். பின்னர்த் துணைத்தேர்வில் அச்சலுகையோடு தேறினானெனினும், அக்கோடை முழுதும் அவன் வீட்டை விட்டு வெளிவரவில்லை. பிழை எம்முடையது.

நம் வீடுகளிலும் இதுவே நிகழ்கின்றது. பேருந்தில் நடத்துநரிடம் ஊர்ப்பெயர் சொல்வார் தமையனார். மருத்துவரிடம் நோய் சொல்வாள் அன்னை. பத்து வயது நிரம்பிய பிள்ளை தன் வங்கிக் கணக்கைத் தானே நடத்த விதி இடந்தருகின்றது. நாமோ பதினேழு வயதினனைக் கடைக்கும் தனியே விடோம். பதினெட்டு நிரம்பிய மறுநாள் அவன் எங்ஙனம் ஆளாவான்? இன்று டிக்கெட்டு, அடுத்த மாதம் வங்கி, பின்னர் மருத்துவர் என ஒவ்வொன்றாய் அவன் கையில் ஒப்புவிக்க வேண்டும். சொல் வரவில்லையேல் சீட்டில் எழுதிக் காட்டட்டும். எழுத்துப் பிழைத்தால் பிழைக்கட்டும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் ஏற்றுக்கொண்டுள்ளது. நாற்பது விழுக்காட்டிற்குக் குறையாத குறைபாடெனச் சான்று பெற்றோர்க்கு உயர்கல்வியிலும் அரசுப் பணியிலும் இட ஒதுக்கீடு உண்டு. பெண் கொடுப்போர் அறிவரே என்று அஞ்சிச் சான்று வாங்காத தந்தையர் இருவரை இச்சபையிலேயே யாம் அறிவோம். நம் சங்கமும் குறையுடையதே. உதவிநிதி முழுவதும் மதிப்பெண் பார்த்தே வழங்கப்படுகின்றது. அதில் ஒரு பங்கைத் தொழிற்பயிற்சி பெறுவோர்க்கு ஒதுக்க வேண்டுமென இக்கூட்டத்தில் தீர்மானம் கொணர்கின்றோம். எதிர்ப்போர் எழுந்து காரணம் கூறுக.

அம்மாணவன் இப்பொழுது தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்கம்பியாளர் பயிற்சி பெறுகின்றான். இம்மண்டபத்து விளக்குகளைச் சென்ற வாரம் செப்பனிட்டவன் அவனே. கூலி எவ்வளவென்று செயலாளர் வினவ, உடனிருந்த தந்தையார் வாய் திறந்தார், யாம் கையமர்த்தினோம். சிறிது நேரம் சென்றது. "எண்ணூறு ரூபாய்" என்றான். செயலாளர் அறுநூறுக்குக் கேட்டுப் பார்த்தார். அவன் இசையவில்லை.