மொழி ஒன்று, இனம் வேறு: இலங்கைச் சோனகரும் தமிழரும்



ஒரு மக்கள் கூட்டத்தை இனமாக்குவது எது என்று கேட்டால் மேடைகளில் விடை தயாராக இருக்கும். மொழி என்பவர் வங்காளதேசத்தைச் சாட்சிக்கு அழைப்பார். 1947-இல் சமயத்தின் பெயரால் பாகிஸ்தானோடு சேர்ந்த கிழக்கு வங்கம், 1952-இல் மொழிக்காக உயிர்ப்பலி கொடுத்து, 1971-இல் தனி நாடானது. சமயம் என்பவர் யூகோஸ்லாவியாவைக் காட்டுவார். செர்பியரும் குரோவாசியரும் போஸ்னிய முஸ்லிம்களும் பேசுவது ஏறத்தாழ ஒரே மொழிதான்; வெட்டிக்கொண்டு மடிந்தார்கள். இரண்டு சாட்சிகளும் பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டும் நம்மைத் தொந்தரவு செய்யாத தொலைவில் இருக்கின்றன. நான் பேச எடுத்துக்கொண்டது பாக்கு நீரிணைக்கு அப்பால், நம் மொழிக்குள்ளேயே நடந்த வழக்கு.

இலங்கையில் 2012 குடிசனக் கணக்கெடுப்பின்படி முஸ்லிம்களான இலங்கைச் சோனகர் மக்கள் தொகையில் சுமார் 9 சதவீதம். பெரும்பாலோருக்குத் தாய்மொழி தமிழ். ஆனாலும் அரசின் பதிவேட்டில் அவர்கள் தமிழர் அல்லர். அவர்களைக் கேட்டாலும் அதையே சொல்வார்கள். தமிழ்நாட்டுக் கீழக்கரையிலோ காயல்பட்டினத்திலோ உள்ள ஒரு முஸ்லிமிடம் "நீங்கள் தமிழரா?" என்று கேட்டால், இதென்ன கேள்வி என்று பார்ப்பார். அவருடைய முன்னோரோடு கொள்வினை கொடுப்பினை வைத்திருந்த குடும்பங்கள் பேருவளையிலும் காலியிலும் உண்டு. அங்கே அதே கேள்விக்கு வேறு பதில் வரும். மொழி அதே, சமயம் அதே, ஓதிய கிதாபுகளும் பலவிடங்களில் அவையே. பதில் மட்டும் ஏன் மாறியது?

ஒரு நாற்காலியிலிருந்து தொடங்க வேண்டும். 1833-இல் ஆங்கிலேயர் இலங்கையில் அமைத்த சட்டநிரூபண சபையில் உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர்கள் இனவாரியாக நியமிக்கப்பட்டார்கள்: ஐரோப்பியருக்கு மூன்று, சிங்களவருக்கு ஒன்று, தமிழருக்கு ஒன்று, பறங்கியருக்கு ஒன்று. முஸ்லிம்களுக்கு இடமில்லை, தமிழ் உறுப்பினரே அவர்களுக்கும் சேர்த்துப் பேசுவதாகப் பாவனை. 1879 முதல் அந்த நாற்காலியில் இருந்தவர் பொன்னம்பலம் இராமநாதன். முஸ்லிம்களுக்குத் தனி இடம் கொடுப்பது பற்றிய பேச்சு எழுந்திருந்த வேளையில், 1888-இல், அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் அவர் ஒரு கட்டுரை படித்தார். சோனகர் இனத்தால் தமிழர், சமயத்தால் மட்டுமே முஸ்லிம்கள் என்பது அதன் சாரம். மொழி, திருமண வழக்கங்கள், உடலமைப்பு என்று சான்றுகளை அடுக்கினார்.

அந்தச் சான்றுகளில் பாதிக்கு மேல் சரியானவை என்றே நான் நினைக்கிறேன். அதனால்தான் சிக்கல். சரியான சான்றுகளை வைத்துக்கொண்டு அவர் கேட்டது என்ன? உங்களுக்கென்று தனி நாற்காலி வேண்டாம், நானே போதும் என்பதுதான் சோனகர் காதில் விழுந்தது. 1889-இல் முதல் முஸ்லிம் உறுப்பினர் நியமனமானார். ஆனால் காயம் ஆறவில்லை. 1907-இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ், இராமநாதனுக்கு மறுப்பாக ஒரு நூல் எழுதினார். எங்கள் மூதாதையர் அரபு வணிகர். வந்த இடத்தில் பெண்ணெடுத்தார்கள். கடல் வாணிபத்துக்குத் தமிழ் வேண்டியிருந்ததால் தமிழைக் கைக்கொண்டார்கள். பேசும் மொழி இனத்தை முடிவு செய்யாது என்பது அவர் வாதம். வரலாறாகப் பார்த்தால் இதிலும் இட்டுக்கட்டல் உண்டு. மூதாதையரில் பெரும்பாலோர் கடலுக்கு இந்தப் பக்கத்துக் கரைகளிலிருந்து போனவர்கள். ஆனால் அஸீஸுக்கு அரபு மூதாதையர் தேவைப்பட்ட காரணம் இராமநாதனின் கட்டுரைதான். ஒருவர் தமிழ்ப் பாட்டனைக் கொண்டுவந்து நிறுத்தினார், மற்றவர் அரபுப் பாட்டனைத் தேடிப் போனார்.

அடுத்தது 1915. கண்டிப் பகுதியில் பௌத்தர்களின் பெரஹர ஊர்வலம் பள்ளிவாசலைக் கடப்பது பற்றிய தகராறு கலவரமாகி, முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் பல மாவட்டங்களில் தாக்கப்பட்டன. ஆங்கில அரசு இராணுவச் சட்டம் போட்டுச் சிங்களத் தலைவர்களைக் கண்மூடித்தனமாக ஒடுக்கியது. இராமநாதன் அந்தச் சிங்களத் தலைவர்களுக்காக, உலகப் போர் நடந்த கடலில் கப்பலேறி லண்டன் போய் வாதாடினார். திரும்பியபோது அவர் வண்டியைச் சிங்களப் பிரமுகர்களே இழுத்துப் போனார்கள். துணிச்சலான செயல்தான். ஆனால் கடை எரிந்த முஸ்லிம் வியாபாரி இதை எப்படிப் பார்த்திருப்பார்? கால் நூற்றாண்டுக்கு முன் "நீ என் இனத்தான்" என்றவர், அடிபட்ட நேரத்தில் அடுத்த தரப்புக்கு வாதாடினார் என்றுதானே.

கொழும்பு அரசியலை விட்டு ஒரு நிமிடம் கிழக்குக்குப் போவோம். மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்று வரையுள்ள கரையில் தமிழூரும் முஸ்லிம் ஊரும் மாறிமாறி வரும். அங்கே இரு சாராருக்கும் தாய்வழிக் 'குடி' உண்டு. பிள்ளை தாயின் குடியைச் சேரும். கோயில் நிர்வாகியான வண்ணக்கரையும் பள்ளிவாசல் நிர்வாகியான மரைக்காயரையும் குடி பார்த்துத் தெரிவு செய்யும் வழக்கம் இருந்தது. மகளுக்குக் கல்யாணம் என்றால் வீடு அவளுக்கு. மாப்பிள்ளை அங்கே வந்து சேர்வார். பெற்றோர் வேறு வீடு கட்டி ஒதுங்குவார்கள். ஷரீஅத் வாரிசுரிமையில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று. ஆனால் வாப்பா மௌத்தாகும் முன்பே வீடு மகள் பெயருக்குப் போய்விட்டால் பங்கு வைக்க என்ன மிச்சம் இருக்கும்? சமயச் சட்டத்தை யாரும் எதிர்க்கவில்லை. எதிர்க்காமலே ஊர் வழக்கத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். இதைவிட நெருக்கமான பொது மரபை எங்கே காட்ட முடியும்? இருந்தும் அந்த மரபு அரசியல் உறவாகத் திரளவில்லை. 1980-களில் ஒருவர் வயலை ஒருவர் மிதிக்க அஞ்சியதும் இதே கரையில்தான்.

1949-இல் தொடங்கிய தமிழரசுக் கட்சி 'தமிழ் பேசும் மக்கள்' என்று சொன்னது. முஸ்லிம்களையும் அணைக்க நினைத்த சொல். கட்சித் தலைவர் செல்வநாயகம் அதை மனதாரச் சொன்னார் என்பதில் எனக்கு ஐயமில்லை. 1956 தேர்தலில் கிழக்கில் அக்கட்சிச் சீட்டில் முஸ்லிம்களும் வென்றார்கள். பிறகு அரசுப் பக்கம் போனார்கள். அதே ஆண்டு சிங்களம் மட்டும் சட்டத்தைக் கொழும்பின் சேர் ராசிக் பரீத் ஆதரித்தார். இதைத் துரோகம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். கணக்கைப் பாருங்கள்: முஸ்லிம்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான் கிழக்கில், மீதிப்பேரில் பெரும்பாலோர் சிங்கள ஊர்களுக்கு நடுவே, நூறு இருநூறு குடும்பங்களாகக் கடை வைத்திருப்பவர்கள். 1915-ஐக் கண்டவர்களின் பிள்ளைகள். தமிழரசுக் கட்சி கேட்ட கூட்டாட்சி வடக்கில் வந்தால் மாத்தறையில் கடை வைத்திருப்பவனுக்கு அதில் என்ன காவல்?

கிழக்கின் கணக்கு வேறு. 1977-இல் எம்.எச்.எம். அஷ்ரஃப் தமிழர் விடுதலைக் கூட்டணிக்காக மேடையேறி வாக்குக் கேட்டார். நான்கே ஆண்டில், 1981-இல், காத்தான்குடியில் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸைத் தொடங்கினார். அஷ்ரஃப் கவிஞர், 'நான் எனும் நீ' அவருடைய தமிழ்க் கவிதைத் தொகுதி. தமிழ் அவருக்குக் கசந்ததால் விலகவில்லை. தமிழ் அரசியலில் தன் மக்களின் இடம் எப்போதும் ஓர் ஓரம் என்று கண்டதால் விலகினார்.

1990-ஐச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடித்தால் அது நேர்மையாகாது. ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் நூற்றுக்கு மேல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் எழுபதாயிரம் பேருக்கு மேல் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு அக்டோபர் 30-ஆம் தேதி கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். நகையையும் பணத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பினார்கள். புத்தளம் முகாம்களில் ஓலைக் கொட்டில்களுக்குள் அவர்கள் பேசியது யாழ்ப்பாணத் தமிழ்தான். தமிழ் பேசும் மக்கள் என்ற சொல்லுக்கு அதன் பிறகு அவர்களிடம் என்ன மதிப்பு மிஞ்சும்? நூறு ஆண்டு வாதத்தில் இராமநாதன் தரப்பு தோற்ற இடம் எதுவென்று கேட்டால், அஸீஸின் நூலைக் காட்டமாட்டேன். இந்த அக்டோபரைக் காட்டுவேன்.

மொழியால் ஒருவரை 'நம்மவர்' என்று அழைக்க ஆசைப்படுகிற நாம், அந்த மொழியில் அவர்கள் எழுதியதை எவ்வளவு படித்திருக்கிறோம்? 1882-இல் 'முஸ்லிம் நேசன்' என்ற தமிழ் ஏட்டை நடத்தியவர் கண்டியில் பிறந்த வழக்கறிஞர் எம்.சி. சித்திலெப்பை. 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்து ஆறே ஆண்டில், 1885-இல், எகிப்தைக் களமாகக் கொண்டு 'அசன்பே சரித்திரம்' எழுதினார். நம் நாவல் வரலாறுகளில் அதற்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு வரி. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது, ஈழத்தமிழர் இன்றுவரை மறக்காத 'புத்தரின் படுகொலை' கவிதையை எழுதியவர் கல்முனைக்காரரான எம்.ஏ. நுஃமான். வடக்கிலிருந்து முஸ்லிம்கள் துரத்தப்பட்டபோது அதற்கு ஈடான கவிதை தமிழர் தரப்பில் எழுந்ததா என்று என்னைக் கேட்டால், எனக்குச் சட்டென்று எதுவும் நினைவுக்கு வரவில்லை.

இந்தத் தமிழ்த்துறையிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. அரபு எழுத்தில், தமிழ் ஒலிகளுக்கென்று சில எழுத்துகளை மாற்றிச் சேர்த்து எழுதிய அரபுத்தமிழ் ஏடுகள் கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் கடலுக்கு அந்தப் பக்கத்திலும் வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அந்த எழுத்தில் எழுதியவற்றை இரு கரைப் பெண்களும் ஓதினார்கள். எம்.எம். உவைஸ் தன் வாழ்நாளைச் செலவிட்டு இஸ்லாமியத் தமிழ் நூல்களைத் தொகுத்து வரலாறு எழுதிவிட்டுப் போனார். இப்போது அந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்த மூதாட்டிகள் குறைந்து வருகிறார்கள். தென்னிலங்கையில் முஸ்லிம் பிள்ளைகள் பலர் சிங்கள மொழிமூலத்துக்கு மாறிவிட்டார்கள். அவர்கள் வீட்டில் அந்த ஏடுகளைத் திறக்க இனி ஆளில்லை. முதுகலையில் ஒரு பருவத்துக்கு அரபுத்தமிழ் எழுத்து வாசிப்பை விருப்பப் பாடமாக வையுங்கள். எழுத்தைக் கற்பிக்கக் கீழக்கரையிலிருந்தே ஆலிம்களை அழைக்கலாம்; வரும் ஆண்டே தொடங்கிவிடலாம்.