வீட்டுக்குள் வளரும் சதைப்பற்றுச் செடிகளுக்கு வெயில் எவ்வளவு?

(பொம்மையார்பாளையம் உழவர்களுக்காக ஆற்றிய உரை)



கற்றாழை, கள்ளி முதலிய செடிகளைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றவுடன், "வேலியில் தானாக முளைப்பதற்கு ஒரு பேச்சா?" என்று சிலர் எண்ணக்கூடும். இன்று அவை தொட்டியில் ஏறி, வீட்டுக்குள் குடிபுகுந்துவிட்டன. சோற்றுக்கற்றாழை, மருள், ஜேட் செடி, எச்சிவேரியா, ஹவார்த்தியா ஆகியவற்றை நகரத்தார் விரும்பி வாங்குகிறார்கள். உங்களுக்குத் தெற்கே புதுச்சேரி. மேற்கே 1968-இல் தோன்றிய ஆரோவில். சந்தை தொலைவில் இல்லை. இரண்டு சென்ட் இடமும், சிறிது செம்மண்ணும், தாய்ச்செடிகளும் இருந்தால் வீட்டுப் பெண்களே இத்தொழிலைச் செய்யலாம்.

ஆனால் வாங்கிச் சென்ற செடி ஒரே மாதத்தில் நெட்டையாகிச் சாய்ந்தாலோ, அழுகினாலோ, வாங்கியவர் மறுபடி உங்களிடம் வரமாட்டார். நோயோ பூச்சியோ இல்லாமலும் இவ்வாறு நேர்வதுண்டு. பெரும்பாலும் காரணம் ஒளி அளவு தவறியதுதான்.

இச்செடிகளின் இயல்பு

நெல்லும் கத்திரியும் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்கின்றன. சதைப்பற்றுச் செடிகளில் பெரும்பாலானவை நீரைச் சேமிப்பதற்காகப் பகலில் துளைகளை மூடிக்கொள்கின்றன. இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி, அமிலமாக மாற்றி இலையில் இருப்பு வைக்கின்றன. மறுநாள் ஒளி கிடைத்ததும் அந்த இருப்பைக் கொண்டு உணவு தயாரிக்கின்றன. பகலில் ஒளி போதாவிட்டால் உணவு இல்லை. உணவு குறைந்தால் வேர் நீரை உறிஞ்சுவதும் குறையும். அந்த நிலையில் வழக்கம்போல் நீர் ஊற்றினால் வேர் அழுகிவிடும்.

திறந்தவெளியில் நண்பகல் வெயிலின் ஒளி ஒரு இலட்சம் லக்ஸ் அளவை எட்டும். வீட்டின் நடுக்கூடத்தில் அது சில நூறு லக்ஸ்தான். நம் கண் இரண்டுக்கும் பழகிக்கொள்ளும், செடி பழகிக்கொள்ளாது.

எந்தச் சன்னல்?

"தென்புறச் சன்னலில் வையுங்கள்" என்று மேனாட்டு நூல்கள் கூறுகின்றன. இலண்டன் போன்ற இடங்களில் ஆண்டு முழுவதும் நண்பகல் சூரியன் தெற்கில்தான் நிற்கும். பொம்மையார்பாளையமோ ஏறத்தாழ 12 பாகை வட அகலாங்கில் உள்ளது. ஏப்ரல் 23-ஆம் நாள் வாக்கிலும், ஆகஸ்டு 20-ஆம் நாள் வாக்கிலும் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே வருகிறது. இடைப்பட்ட நான்கு மாதங்கள் அது வடக்கே சற்றுச் சாய்ந்து நிற்கிறது. ஆகவே சித்திரை நடுவிலிருந்து ஆடி முடியும்வரை தென்புறச் சன்னலுக்குள் நண்பகல் வெயில் நுழையாது. மார்கழியிலோ சூரியன் தெற்கே 35 பாகை சாய்வதால், மறைப்பில்லாத 4 அடி உயரச் சன்னலில் திட்டிலிருந்து சுமார் 3 அடி உள்ளே வரை வெயில் விழும்.

ஆண்டு முழுவதும் நம்பத்தக்கது கிழக்குப்புறமே. உங்கள் ஊருக்குக் கிழக்கே கடல். வெயிலை மறைக்க மலையும் இல்லை. காலை 6 மணியிலிருந்து 9 மணி வரை கிடைக்கும் இளவெயில், வீட்டுக்குள் வைக்கும் செடிகளில் பலவற்றுக்குப் போதுமானது. மேற்குச் சன்னலின் மாலை வெயிலில் வெப்பம் மிகுதி. அங்கு வைப்பதானால் மெல்லிய வெள்ளைத் துணியைத் திரையாகக் கட்டுங்கள். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி அங்கு வேண்டாம், வேர் வெந்துவிடும்.

செடிக்கேற்ற இடம்

1. மருள், ஹவார்த்தியா: வெயில் நேரே படாத, நல்ல வெளிச்சமுள்ள சன்னலோரம்.

2. சோற்றுக்கற்றாழை, ஜேட், ரணகள்ளி: நாள்தோறும் 3 முதல் 4 மணி நேரக் காலை வெயில்.

3. எச்சிவேரியா: காலை வெயில் முழுதும் வேண்டும். திண்ணை ஓரமே ஏற்றது, உள்ளறையில் நீளும்.

4. அடினியம், சப்பாத்திக்கள்ளி, ஆனைக்கற்றாழை: 5 முதல் 6 மணி நேர வெயில். இவற்றை வீட்டுச் செடி என்று சொல்லி விற்காதீர்கள்.

ஒளியை அளக்கக் கருவி தேவையில்லை. பகல் 11 மணியளவில் செடி வைக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, ஒரு சாண் உயரத்தில் கையை நீட்டுங்கள். விரல்களின் நிழல் தெளிவாக விழுந்தால் ஒளி மிகுதி. கை உருவம் மங்கலாகத் தெரிந்தால் நடுத்தரம். நிழலே இல்லையெனில் அங்கு எந்தச் செடியையும் நிலையாக வைக்கக்கூடாது.

செடி காட்டும் அறிகுறிகள்

ஒளி குறைந்தால் கணுவிடை நீளும், இலை வெளிறும், செடி சன்னல் பக்கம் சாயும். நீண்ட தண்டு மீண்டும் குறுகாது. எச்சிவேரியா, ஜேட் ஆகியவற்றின் தலைப்பகுதியை வெட்டி, 3 முதல் 5 நாள் நிழலில் உலர்த்தி நட்டால் புதுச்செடியாகும். வாரம் ஒருமுறை தொட்டியைக் கால் சுற்றுத் திருப்பி வைத்தால் சாய்வு வராது.

ஒளி மிகுந்தால் சோற்றுக்கற்றாழை செம்பழுப்பாக மாறும்; இடம் மாற்றினால் பச்சை திரும்பும். வெள்ளை அல்லது பழுப்புத் திட்டு விழுந்தால் அது வெந்த புண். அந்த இலையில் அது மாறாது.

படிப்படியாகப் பழக்குங்கள்

நாற்றங்கால் நிழலில் வளர்ந்த நாற்றைப் பழக்கிய பிறகுதானே வயலில் நடுகிறீர்கள்? இதற்கும் அதே முறைதான். வீட்டுக்குள் இருந்த செடியை வெளியே வைக்கும்போது, முதல் 3 நாள் காலையில் 1 மணி நேரம், அடுத்த 3 நாள் 2 மணி நேரம், அடுத்த 4 நாள் 3 மணி நேரம் வெயில் காட்டுங்கள். கத்திரி வெயில் காலத்தில் நண்பகல் வெயிலில் வைக்கவே வேண்டாம்.

விற்பனைக்குரிய வீட்டுச் செடிகளை, விற்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே 50 சதவீத நிழல்வலைக்கோ தென்னங்கீற்றுப் பந்தலுக்கோ மாற்றிவிடுங்கள். வீட்டு ஒளிக்கு அவை எளிதில் பழகும்.

ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் மேகமூட்டத்தால் ஒளி குறையும். அப்போது நீரைக் குறையுங்கள். ஓர் ஈர்க்கைத் தொட்டியின் அடிவரை செருகி எடுத்து, மண் ஒட்டினால் நீர் ஊற்ற வேண்டாம். தொட்டிக்கு வடிகால் துளை அவசியம். கரையில் எளிதாகக் கிடைக்கிறதென்று கடல் மணலைக் கலக்காதீர்கள். அதில் உப்பு உண்டு. ஆற்று மணலே நல்லது. சாலைப் புழுதி படிந்த இலை ஒளியை வாங்காது, ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

நிறைவாக ஒன்று. செடி வாங்க வருபவரிடம் விலையைச் சொல்லுமுன், "எந்தப் பக்கச் சன்னலில் வைக்கப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள். பதிலுக்கேற்ற செடியைக் கொடுங்கள். அவர் வீட்டில் செடி பிழைத்தால் அடுத்த செடிக்கும் உங்களையே தேடி வருவார்.