கண்ணுக்குள் சேரும் குப்பை



எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்குப் பத்து வயது. கரும்பலகையில் எழுதியது தெரியவில்லை என்றாள். படிக்கச் சோம்பல் என்று வீட்டில் திட்டினார்கள். கண்ணாடி வாங்கிப் போட்டார்கள். அப்போதும் தெரியவில்லை. எதிரே நிற்பவர் முகம்கூட மங்கல்தான். ஆனால் தெருவில் பக்கவாட்டில் மாடு வந்தால் ஒதுங்கி நடப்பாள். அதைப் பார்த்து, நடிக்கிறாள் என்றார்கள். அவள் நடிக்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணின் உள்ளே பார்த்தார்கள். ஸ்டார்கார்ட் நோய் என்றார்கள். 1909-ஆம் ஆண்டில் கார்ல் ஸ்டார்கார்ட் என்ற ஜெர்மனி நாட்டுக் கண் மருத்துவர் இதைப் பற்றி எழுதினார். அவர் பெயரே நோய்க்கு நின்றுவிட்டது.

கண்ணின் பின்பக்கம் விழித்திரை இருக்கிறது. அங்கே ஒளியை உணரும் செல்கள் உள்ளன. அவற்றின் நுனி தினமும் கொஞ்சம் உதிரும். புதிதாக வளரும். உதிர்ந்தது எங்கே போகும்? பின்னால் இன்னொரு வரிசைச் செல்கள் இருக்கின்றன. அவை அதை விழுங்கிச் செரித்துவிடும். வாசல் பெருக்குவது போல, தினமும் நடக்கும் வேலை இது.

இந்த நோயில், வைட்டமின் ஏ விட்டுச் செல்லும் கழிவை அப்புறப்படுத்தும் ஒரு புரதம் சரியாக வேலை செய்யாது. கழிவு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். செரிக்க முடியாத குப்பையாகிவிடும். எலிகளின் கண்ணை ஆராய்ந்தவர்கள் இன்னொன்றும் கண்டார்கள். குப்பை சேர்ந்த செல்லுக்குள் கொலஸ்டிரால் என்ற கொழுப்பும் தேங்குகிறது. அதனால் துப்புரவு வேலை மேலும் கெடுகிறது. கடைசியில் செல்கள் சாகின்றன. பார்வையின் நடுப்பகுதி மறைகிறது. எண்ணெய்ப் பலகாரம் தின்றதால் வந்த நோய் அல்ல இது.

தாய், தகப்பன் இருவருக்கும் கண் நன்றாகவே இருக்கும். இருவரிடமும் குறையுள்ள மரபணு ஒன்று மறைந்திருக்கும். இரண்டும் பிள்ளைக்கு வந்தால் நோய் வரும். ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. நெருங்கிய சொந்தத்தில் மணம் முடித்தால், இருவரிடமும் ஒரே குறை இருக்க வாய்ப்பு அதிகம். தாயை மட்டும் பழி சொல்கிறோமே, அது பொய்.

ஒன்றை மறக்காதீர்கள். கண்ணுக்கு நல்லது என்று, இந்த நோய் உள்ளவருக்கு வைட்டமின் ஏ மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். குப்பை கூடலாம். கீரை, காய் சாப்பிடலாம். சின்னக் குழந்தைகளுக்குச் சுகாதார ஊழியர் தரும் வைட்டமின் ஏ திரவம் வேறு விஷயம். வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண்ணைத் தடுப்பது அது. அதை நிறுத்த வேண்டாம்.

அந்தப் பெண் இப்போது முதல் வரிசையில் உட்காருகிறாள். பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிறாள். வெயிலில் தொப்பி போடுகிறாள். உங்கள் வீட்டிலும் கண்ணாடி போட்டும் சரியாகப் பார்க்காத பிள்ளை இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள்.