சீட்டு வாங்கிய பிறகு யார் துணை?
(அறக்கட்டளைக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் நம் திண்டுக்கல்லும் ஒன்று. டாக்டர்கள் இருக்கிறார்கள், மருந்து இலவசம். ஆனாலும் நம் மக்கள் வட்டிக்கு வாங்கித் தனியாரிடம் போகிறார்கள். மருத்துவ உதவி கேட்டு நம்மிடம் வரும் குடும்பங்களிடம் ஏன் என்று கேட்டோம். டாக்டரைக் குறை சொன்னவர்கள் குறைவு. "எங்கே போகணும்னு சொல்ல ஆளில்லை", "கேட்டால் எரிந்து விழுகிறார்கள்" என்பதுதான் பெரும்பாலோர் பதில்.

தோல் பதனிடும் வேலை பார்த்த ஒரு பெரியவர். சர்க்கரை நோய், காலில் புண். ஓர் அரசு மருத்துவமனைக்குப் போனார். ரத்தம் கொடுக்க ஓர் இடம், ரிசல்ட் வாங்க வேறு இடம். திரும்பி வருவதற்குள் டாக்டர் எழுந்து போய்விட்டார். "நாளைக்கு வா" என்றார்கள், ஒருமையில். நாலு மாதம் அவர் அந்தப் பக்கமே போகவில்லை. கடைசியில் கால்விரலை எடுக்க வேண்டியதாயிற்று. "அத்தா, இங்கே உட்காருங்க, ரிசல்ட்டை நான் வாங்கிட்டு வர்றேன்" என்று சொல்ல அன்று அவருக்கு ஓர் ஆள் இல்லை.

துணை என்பது சலுகையும் அல்ல. அரசு மருத்துவமனையில் பிரசவ நேரத்தில், பிள்ளை பெற்ற அனுபவமுள்ள பெண் உறவினர் ஒருவர் கர்ப்பிணியுடன் இருக்கலாம் என்ற திட்டம் தமிழகத்தில் 2004 முதலே இருக்கிறது. நம் வீடுகளில் எத்தனை மாமியார்களுக்கு இது தெரியும்? கதவுக்கு வெளியே தஸ்பீஹ் உருட்டிக்கொண்டு நிற்கிறார்கள். முன்கூட்டியே நர்ஸம்மாவிடம் கேளுங்கள்.

சாலை விபத்து என்றால், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே செலவழிக்கும் திட்டம் 2021 டிசம்பர் முதல் உண்டு. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும். வருமான வரம்பு கிடையாது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு மட்டும் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஆபரேஷனுக்கு நாள் குறித்த பிறகு வருமானச் சான்றுக்கு ஓடாமல், உடம்பு நன்றாக இருக்கும்போதே கலெக்டர் ஆபீஸில் பதிந்து வையுங்கள்.

குறை இருந்தால் 104-க்குப் போன் செய்யுங்கள். தேதி, நேரம், வார்டு, நடந்தது என்ன என்று சொல்லுங்கள். டீக்கடையில் திட்டுவதால் எந்த வார்டும் மாறாது.

நம் பக்கமும் ஒன்று உண்டு. குழந்தை பிறந்த சந்தோஷத்தில் நாமே நீட்டும் நூறு ரூபாய், அடுத்த கட்டிலில் இருக்கும் ஏழைக்குக் கட்டாயமாகிவிடுகிறது. நோயாளியை நலம் விசாரிப்பது நன்மைதான். அதற்காக ஒரு கட்டிலைச் சுற்றிப் பதினைந்து பேர் நின்றால், அத்தனை படுக்கைகளையும் ஒற்றை ஆளாகப் பார்க்கும் நர்ஸ் எரிந்து விழாமல் என்ன செய்வார்?

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் முதல் காலை வேளையில், தனியாக வரும் நோயாளிகளோடு நம் தொண்டர்கள் இருவர் கூடப் போவார்கள். எந்த மதத்தவர் என்று பார்க்க மாட்டோம். ஆண்கள் பெயர் கொடுத்துவிட்டார்கள். பெண்கள் பகுதிக்கு இன்னும் ஒருவரும் இல்லை. வாரத்தில் ஒரு காலைப் பொழுதைத் தரக்கூடிய சகோதரிகள், அஸருக்குப் பிறகு அலுவலகத்தில் பெயர் பதியுங்கள்.