எந்தக் கடல், எந்த மாதம்?

இலங்கைக் கடற்கரைக்குச் சுற்றுலா போறீங்களா? டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடி மாதத்தைப் பாருங்க. மே முதல் செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவக்காற்று. தெற்கே மிரிசாவில் கடல் கொந்தளிக்கும். அதே நாளில் கிழக்கே திருகோணமலை, நிலாவெளிக் கடல் குளம் மாதிரி கிடக்கும். அங்கே படகேறினா கொஞ்ச நேரத்தில் புறாத்தீவு. கண்ணாடி மாட்டிக்கிட்டுத் தண்ணிக்குள்ள பார்த்தா பவளப்பாறை; நடுவே, துடுப்பு நுனி கறுத்த சுறா. பயப்படாதீங்க, பெரும்பாலும் அதுதான் நம்மைப் பார்த்து ஒதுங்கும். பவளத்து மேல மட்டும் கால் வைக்காதீங்க. அது உயிருள்ளது.

நீலத்திமிங்கலம் பார்க்கணும்னா டிசம்பர் முதல் ஏப்ரலுக்குள்ள மிரிசா. படகு விடியற்காலையிலேயே கிளம்பிடும். குலுங்கும், இட்லியைக் கொஞ்சம் குறைச்சுக்கிறது நல்லது!