பார்லிமெண்டுக்கும் வேலி



டில்லிப் பார்லிமெண்டு தன் இஷ்டப்படி எந்தச் சட்டத்தையும் செய்துவிடலாமா என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லவே நாம் வந்திருக்கின்றோம். மெஜாரிட்டி இருந்தால் எதையும் செய்யலாமென்பார் ஒரு சாரார். அரசியல் சட்டம் புனிதமானது, அதில் கை வைக்கக் கூடாதென்பார் மற்றொரு சாரார். இவ்விரண்டையும் நாம் ஒப்புக்கொள்வதில்லை. மனிதன் எழுதியதை மனிதன் திருத்தலாம்; ஆனால் திருத்துகிறவனுக்கும் ஓர் அளவு வேண்டும்.

1951-ல் சென்னை ராஜ்யத்தின் வகுப்புவாரி உத்தரவு அரசியல் சட்டத்துக்கு விரோதமென்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. சமத்துவத்தின் பேராலேயே நம் பிள்ளைகளின் காலேஜுப் படிப்புக்கு ஆபத்து வந்தது. பெரியார் தலைமையில் கிளர்ச்சி எழுந்த பிறகு, அதே வருஷம் பார்லிமெண்டு முதல் திருத்தம் செய்து, 15-வது ஷரத்தில் 4-வது உட்பிரிவைச் சேர்த்தது. அன்று திருத்தும் அதிகாரம் இல்லாதிருந்தால் நம் கதி என்ன?

ஆனால் 1976-ஐயும் பாருங்கள். நெருக்கடி நிலையில், எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையிலிருக்க, திருத்தும் அதிகாரத்துக்கு எல்லையே கிடையாது, எந்தக் கோர்ட்டும் கேட்கக் கூடாது என்று 42-வது திருத்தம் வந்தது. 1973-ல் கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகளில் 7 பேர், சட்டத்தின் அடிப்படை அமைப்பை அழிக்கப் பார்லிமெண்டுக்கு அதிகாரமில்லை என்று சொல்லியிருந்தார்கள். அந்த வேலியைக் கொண்டுதான் 1980-ல் மினர்வா மில்ஸ் வழக்கில் அவ்விதிகள் தள்ளப்பட்டன.

ஆகவே வேலி வேண்டியதுதான். ஆனால் வேலியே பயிரை மேய்ந்தால் என்ன செய்வது? அடிப்படை அமைப்பு இன்னது என்று எந்த ஷரத்திலும் எழுதியில்லை. நீதிபதிகள் சொல்லுவதுதான் கணக்கு. தமிழ்நாட்டின் 69 சதவீத ஒதுக்கீட்டுச் சட்டத்தைக் கோர்ட்டு தொடாதிருக்க வேண்டி, 1994-ல் 9-வது அட்டவணையில் சேர்த்தார்கள். 1973 ஏப்ரல் 24-க்குப் பின் அதில் சேர்த்த சட்டங்களையும் சோதிக்கலாமென்று 2007-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. 2022-லோ, தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்பட்டோர் நீங்கலாக மற்ற ஏழைகளுக்கு மட்டும் 10 சதவீதம் கொடுக்க வழிசெய்த 103-வது திருத்தம் அடிப்படைக்கு விரோதமல்ல என்று 5 நீதிபதிகளில் 3 பேர் தீர்ப்பளித்தார்கள்.

தோழர்களே! வேலி யாரைக் காக்கின்றது, யாரைத் தடுக்கின்றது என்று கேளுங்கள். பிறவியால் ஒருவனைத் தாழ்த்தும் சட்டத்தைத் தடுத்தால் அது நம் வேலி. தாழ்ந்து கிடப்பவன் மேலேறுவதைத் தடுத்தால் அது மனுவின் மதில். இதை வக்கீல்களிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள். ஊர் வாசகசாலையில் அரசியல் சட்டத்தை வாங்கி வைத்துப் படியுங்கள். சர்க்காரையும் கேளுங்கள், கோர்ட்டுத் தீர்ப்பையும் கேளுங்கள். நாம் சொன்னதையும் அப்படியே நம்பிவிடாமல், உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் மாத்திரம் எடுத்துக் கொள்ளுங்கள்.